பாசிக்குடாவில் முதுமை இல்லம்: காணியும் சட்டமும் குடிவழியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், கோறளைப்பற்றின் கடலோரத்தில், பிறைபோல வளைந்து கிடக்கின்றது பாசிக்குடா. பாசி படர்ந்த குடா என்பதே பெயரின் பொருள். அதனை அடுத்துள்ளது கல்குடா. முருகைக்கல் தடுப்பினால் அலையின் வேகம் தணிந்து, கரையிலிருந்து நெடுந்தூரம்வரை இடுப்பளவு நீரே நிற்கும் இக்குடா, முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நீராடத்தக்க கடல் எனப் பெயர் பெற்றது. எனவே, முதுமைக் காலத்தை அமைதியாகக் கழிக்க ஓர் இல்லம் வேண்டுமென எண்ணுவோரின் கண் இக்கரையில் விழுவது வியப்பன்று.

அவ்வாறு எண்ணுவோரில் ஒருசாரார் பற்றியே ஈண்டு நாம் சிறப்பாக ஆராய முற்படுகின்றோம். 1983 ஆம் ஆண்டின் பின் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, நோர்வே, ஜேர்மனி, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழர், அன்று இருபதும் முப்பதும் வயதினராயிருந்தோர், இன்று ஓய்வுபெறும் வயதை அடைந்துவிட்டனர். பிறந்த மண்ணிலே ஒரு காணி வாங்கி வீடு கட்டி இறுதிக் காலத்தை அங்கே கழிக்கவேண்டும் என்பது அவருட் பலரின் நெடுநாள் விருப்பம். ஆயின் அவர் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றுவிட்டவர். இலங்கைச் சட்டத்தின் முன் அவர் பிறநாட்டவர். ஊர் அவரை 'நம்மவர்' என்கின்றது. சட்டம் அவரை 'அந்நியர்' என்கின்றது. தாய்நாட்டில் காணி வாங்குவதே வெளிநாட்டில் காணி வாங்குவதாக முடியும் இம்முரண்பாடே இக்கட்டுரையின் பொருள்.

இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் விலையைப் பற்றியே முதலில் விசாரிக்கின்றனர். விலை பிற்பட வேண்டிய வினா என்பது எமது கருத்து. வாங்குபவர் சட்டத்தின் முன் யார்? வாங்கப்படும் காணி எவ்வகையைச் சேர்ந்தது? கட்டப்படும் வீடு பின்னர் யாருக்கு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெளிந்த பின்னரே விலை பேசுதல் பொருத்தமாகும். மூன்றனுள்ளும் இறுதி வினாவே தலையாயது என்பதனை முடிவிற் காட்டுவோம்.

1. இடத்தின் அண்மைக்கால வரலாறு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வாழ்வை வகுத்தது அதன் வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாவியின் மேற்குக்கரை படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக்கரை எழுவான்கரை. படுவான்கரையில் வயலும் எழுவான்கரையில் வீடும் தென்னந்தோட்டமும் என அமைந்தது பழைய குடியிருப்பு முறை. பாசிக்குடா இவ்வாவிக்கு வடக்கே, வாழைச்சேனைக் களப்பின் அருகே அமைந்தது. கடலை ஒட்டிய மணல்மேடு நெடுங்காலம் மீனவர்க்கும் தென்னைச் செய்கையாளர்க்கும் உரிய இடமாயிருந்ததேயன்றி, வீடு கட்டிக் காட்சி காணும் இடமாக ஊரவர் அதனைக் கருதியதில்லை. கடற்காற்றையும் உப்பையும் வெள்ளத்தையும் அறிந்தவர் சற்று உள்ளே தள்ளியே குடியிருந்தனர்.

1966 ஆம் ஆண்டில் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டதன் பின் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டத்திற் கிழக்குக் கரையோரமும் ஓர் உல்லாசப் பிரதேசமாகக் குறிக்கப்பட்டது. எழுபதுகளில் இங்கு விடுதிகள் எழுந்தன. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே நிலைகுலையச் செய்தது. அதனைத் தொடர்ந்தது உள்நாட்டுப் போர். 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை எஞ்சியிருந்தனவற்றையும் அள்ளிச் சென்றது. 2009 இற் போர் முடிந்தபின், பாசிக்குடா உல்லாசப் பயண வலயமாக வகுக்கப்பட்டு, காணி முதலீட்டாளர்க்குக் குத்தகையாக வழங்கப்பட்டது. 2011 முதல் புதிய விடுதிகள் திறக்கப்படலாயின. அரை நூற்றாண்டில் மும்முறை அழிந்து எழுந்த கரை இது. வீடு கட்ட நினைப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய முதற் செய்தி இதுவே.

2. வாங்குபவர் யார்?

இலங்கையில் அந்நியர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் எண்ணம் புதியதன்று. 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம், குடியுரிமையற்றோர்க்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதிக்குச் சமமான, அதாவது நூற்றுக்கு நூறு வீதமான, வரியை விதித்தது. 2002 இல் நீக்கப்பட்ட அவ்வரி 2004 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இதுகாறும் தடை வரியின் உருவில் இருந்தது. இருமடங்கு பணம் கொடுக்க வல்லவர் வாங்கலாம் என்பதே அதன் பொருள்.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் இந்நிலையை மாற்றியது. 2013 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளிலிருந்து வலுவுடையதாக ஆக்கப்பட்ட இச்சட்டத்தின்படி, அந்நியர்க்கும், அந்நிய நாட்டுக் கம்பனிகட்கும், ஐம்பது வீதமோ அதற்கு மேற்பட்டதோ ஆன பங்கு அந்நியர் கையிலுள்ள உள்நாட்டுக் கம்பனிகட்கும் காணியின் ஆதனவுரிமையை மாற்றுதல் ஆகாது. அவ்வாறு மாற்றினும் அது சட்டத்தின்முன் வலுவற்றது. அந்நியர் குத்தகைக்குப் பெறலாம். அதன் உச்ச எல்லை 99 ஆண்டுகள். தொடர்மாடி வீடுகள் தொடர்பாகவும் சில விலக்குகள் உண்டு. ஆயின் பாசிக்குடா போன்ற கிராமப்புறக் கடற்கரையில் வளவும் கிணறும் தென்னையும் உடைய தனிவீட்டை நாடுவோர்க்கு அவ்விலக்காற் பயனில்லை.

நம் நோக்கில் முதன்மையானவை வேறு இரு விலக்குகள். இரட்டைக் குடியுரிமை உடையோரை இத்தடை கட்டுப்படுத்துவதில்லை என்பது ஒன்று. காணியின் உரிமையாளர் இறந்துபட, அவருடைய நெருங்கிய உறவினர்க்கு வழியுரிமையாக அக்காணி சேருமாயின், அவர் அந்நியராயினும் பெறலாம் என்பது மற்றொன்று. ஏற்கெனவே தம் பெயரிலுள்ள காணியை இச்சட்டம் பறிப்பதுமன்று. புதிதாக மாற்றுவதையே தடுக்கின்றது. சுருங்கக்கூறின், தொரொன்ரோவில் வாழும் மகன் தந்தையின் வளவை வழியுரிமையாற் பெறலாம். அயல்வளவை விலைக்கு வாங்க அவனுக்கு இரட்டைக் குடியுரிமை வேண்டும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, பிறநாட்டுக் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழப்பர். இரட்டைக் குடியுரிமைக்கு வழிவகுத்தது 1987 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். 2011 இல் இவ்வாய்ப்பு இடைநிறுத்தப்பட்டு 2015 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. விண்ணப்பிப்போர்க்குரிய தகுதிப் பிரிவுகளுள் 55 வயதைக் கடந்திருத்தலும் ஒன்றாதலின், ஓய்வுக்காலத்தை எண்ணுவோர்க்கு இவ்வழி ஏற்றதே. ஆயின் மறுபுறத்து நாடும் இதற்கு இசைதல் வேண்டும். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து என்பன இசைந்த நாடுகள். நோர்வே 2020 ஆம் ஆண்டு முதலும், ஜேர்மனி 2024 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலும் இசைந்தன. இந்நாடுகளிற் குடியேறிய நம்மவர்க்கு முன்னில்லாத வாய்ப்பு இதனாற் பிறந்துள்ளது.

குடியுரிமை நாடாமல், தங்கி வாழ மட்டும் விரும்புவோர்க்கு, 55 வயதைக் கடந்த அந்நியர்க்கென 'கனவு இல்லம்' என்ற பெயரில் வதிவிட அனுமதித் திட்டமொன்றை இலங்கை வகுத்தது. 15,000 அமெரிக்க டொலரை வைப்பிலிடுதலும், மாதந்தோறும் 1,500 டொலரை நாட்டுக்குக் கொண்டுவருதலும் அதன் நிபந்தனைகளாக அமைந்தன. ஆனால் வதிவிட அனுமதி வேறு, ஆதனவுரிமை வேறு. இத்திட்டத்தில் வருபவர் வாடகைக்கோ குத்தகைக்கோ தங்கலாம். நிலத்துக்கு உடையவர் ஆகார்.

பிறநாடுகளோடு ஒப்புநோக்கின் இலங்கையின் நிலை தனித்ததன்று என்பது புலனாகும். பிலிப்பைன்சின் 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்நியர் காணி வாங்குவதைத் தடுக்கின்றது. வழியுரிமையாற் பெறுதலை விலக்காக்குகின்றது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. எனினும் இந்திய வம்சாவளியினர்க்கு வழங்கும் கடல்கடந்த குடிமக்கள் தகுதியினால் வீட்டு மனையை வாங்க அனுமதித்து, விவசாய நிலத்தையும் தோட்டங்களையும் பண்ணை வீட்டையும் வாங்க மறுக்கின்றது. சிறிய நாடுகளிற் கடற்கரைக் காணி முழுதும் வெளிநாட்டுப் பணத்தின் கைக்குச் சென்றுவிடின், ஊரவர் பிள்ளைகட்கு மனை கிடைக்காது என்னும் அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்திற் பிறந்த வேலி, வெளியேற்றப்பட்டுச் சென்ற மண்ணின் மக்களையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதே இங்குள்ள துயரம்.

இத்தடையைத் தாண்ட உள்ளூர் உறவினர் பெயரில் உறுதி முடிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. பணம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. உறவு நன்றாயிருக்கும்வரை இவ்வேற்பாடு நன்றாயிருக்கும். பெயருக்குரியவர் இறப்பின் காணி அவருடைய வாரிசுகட்கே சேரும். பணம் கொடுத்தவர்க்கு அன்று. அந்நியர்க்கு மறுக்கப்பட்டதை மறைமுகமாகப் பெற்றதாகச் சொல்லி நீதிமன்றம் செல்லுதலும் எளிதன்று. ஒரு வளவினாற் கூடப்பிறந்தோர் பேச்சுவார்த்தையற்றுப் போகும் நிலை ஏற்படுமாயின், முதுமையில் நாடி வந்த உறவே கையை விட்டுப் போகும்.

3. காணி எவ்வகையைச் சேர்ந்தது?

கிழக்கிலங்கையிற் காணியைப் பொதுவாக உறுதிக் காணி, அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி, அரச காணி எனப் பிரித்து நோக்கலாம். உறுதிக் காணியே தனியார் தடையின்றி விற்கவும் வாங்கவும் உரியது. அனுமதிப்பத்திரமும் அளிப்பும் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிலமற்றோர்க்கு அரசினால் வழங்கப்பட்டவை. அளிப்புக் காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். அனுமதிப்பத்திரக் காணி விலைக்குரிய பொருளே அன்று. 'பேமிட் காணிதான், ஆனால் ஒரு பிரச்சினையும் இல்லை' என்று தரகர் கூறும் சொல்லை நம்பிப் பணம் கொடுப்போர், வெள்ளைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தைத் தவிர வேறொன்றும் கையிற் பெறார்.

இரண்டாவது பிரச்சினை கடலின் அண்மை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுத்தது. 2011 ஆம் ஆண்டின் திருத்தத்தால், கடலோடு தொடர்புடைய களப்பு, வாவி ஆகியவற்றின் ஓரமாக 100 மீற்றர் அகலமான நிலமும் இதனுள் அடங்கிற்று. இவ்வலயத்துள் வீடு கட்டுதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. உறுதி இருப்பது கட்டும் உரிமை இருப்பதாகாது. 2005 இல், ஆழிப்பேரலையை அடுத்து, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தமையும், அத்தூரம் பின்னர் தளர்த்தப்பட்டமையும், காணி கையிலிருந்தும் கட்ட முடியாது தவித்த குடும்பங்களின் நினைவில் இன்றும் உள்ளன.

மூன்றாவது பிரச்சினை போரின் எச்சம். இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வளவுகளிற் பிறர் குடியேறியதுண்டு. பத்திரங்கள் எரிந்தும் தொலைந்தும் போனதுண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுக்காலம் தடையின்றியும், உரிமையாளரை ஏற்காமலும் காணியை ஆள்பவர் அதற்கு உரிமை கோரலாம். பயங்கரவாதச் செயல்களால் நீதிமன்றை நாட இயலாதிருந்தோர்க்கு, 1983 மே முதலாம் நாளிலிருந்து 2009 மே 18 ஆம் நாள்வரையான காலத்தைக் கணக்கிற் சேராது விலக்கும் சிறப்புச் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டது. எனவே இன்று விற்பனைக்கு வரும் ஒரு காணியின் பின்னால், எங்கோ அகதியாய் வாழும் முன்னைய உரிமையாளர் ஒருவர் இருத்தல் கூடும். அக்காணியை அறியாது வாங்குதல் வாங்குபவர்க்கு இழப்பு. அறிந்தே வாங்குதல் அறத்துக்கு இழுக்கு. தாமும் ஒருகால் வளவை விட்டோடியவர் என்பதனைப் புலம்பெயர்ந்தோர் மறத்தல் ஆகாது.

4. உறுதி முடித்தல்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படல் வேண்டும். வாய்ப்பேச்சும் முற்பணமும் உரிமை தாரா. உறுதி எழுதப்படுமுன் நிகழவேண்டியவை ஒரு வரிசையில் உள்ளன. முதலாவது, காணிப் பதிவகத்தின் ஏடுகளில் ஏறத்தாழ முப்பதாண்டுக்கால உரிமைத் தொடரைத் தேடுதல்; அடகு, வழக்கு, ஆயுட்கால உரித்து ஏதும் பதியப்பட்டுள்ளதா எனக் காணுதல். இரண்டாவது, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளை அளப்பித்து, நிலத்திலுள்ளதும் படத்திலுள்ளதும் ஒன்றா எனச் சரிபார்த்தல். மூன்றாவது, பிரதேச சபையில் வீதிக்கோடு, வரி நிலுவை என்பன பற்றிய சான்றுகளைப் பெறுதல். நான்காவது, கிராம உத்தியோகத்தரிடமும் அயலவரிடமும் நேரிற் சென்று விசாரித்தல். ஏடுகள் சொல்லாததை வேலிக்கு அப்பாலுள்ள மூதாட்டி சொல்லுவார்.

விற்பனை உறுதிக்குரிய முத்திரைத் தீர்வை, பெறுமதியின் முதல் ஓரிலட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் ஆகும். ஐம்பது இலட்சம் ரூபாய்க் காணிக்கு இது 1,99,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணமும் அளவைச் செலவும் வேறு. நேரில் வர இயலாதோர் அற்றோணித் தத்துவம் கொடுத்து ஒருவரை அமர்த்துவர். அப்பத்திரம் இக்காணி ஒன்றை வாங்குதற்கு மட்டும் என வரையறுக்கப்படுதல் நன்று. 'என் எல்லாக் காரியங்கட்கும்' எனப் பொதுப்படக் கொடுக்கப்படும் தத்துவம், வாங்கிய காணியை மறுநாளே விற்கவும் இடங்கொடுக்கும்.

5. கட்டுதல்

கடற்கரையிற் கட்டப்படும் வீட்டுக்கு முதற்பகை உப்புக்காற்று. சீமெந்துப் பூச்சு மெலிதாயிருப்பின் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பெருத்துச் சுவரை வெடிக்கச் செய்யும். கடல்மணல் கலந்த கொங்கிறீற்றில் இக்கேடு மேலும் விரைவாக வரும். 1978 இன் சூறாவளியைக் கண்ட முதியோர், கூரையைச் சுவரோடு இறுகப் பிணைப்பதிற் காட்டும் கவனத்தை, மேனாட்டுப் படங்களைப் பார்த்துக் கட்டுவோரும் காட்டுதல் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீற்றர் அளவில் இப்பகுதி பெறும் மழையின் பெரும்பகுதி வாடைக்காலத்தின் மூன்று நான்கு திங்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. எஞ்சிய காலத்திற் கச்சான் காற்று உலர்த்துகின்றது. ஆதலின் நிலமட்டத்திலிருந்து உயர்ந்த அத்திவாரமும், அகன்ற தாழ்வாரமும், மழைநீர் சேகரிக்கும் தொட்டியும் இன்றியமையாதன.

நீரைப்பற்றித் தனியே கூறவேண்டும். மணற்கரையில் நிலத்தடி நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கணிப்பு. மறுதலையாக, நீர்மட்டம் பத்துச் சதமமீற்றர் தாழ்ந்தாலும் கீழிருந்து உவர்நீர் நான்கு மீற்றர் மேலேறும். வாளியால் அள்ளிய நாளில் இனித்த கிணறு, மின்பம்பி பூட்டியதும் உவர்ப்பது இதனாலேயே. ஒரு வீட்டின் நீச்சற்குளமும் புற்றரையும் அயல்வீட்டின் குடிநீரைக் கெடுக்கும். மலக்குழியைக் கிணற்றுக்கு அருகே தோண்டுவதும் மணற்றரையிற் பெருங்கேடு. வசதியோடு திரும்பி வருபவர், வசதியற்ற அயலவரின் கிணற்றை உவர்க்கச் செய்தபின் அவரோடு எவ்வாறு உறவாடுவார்?

மருத்துவ வசதியும் எண்ணத்தக்கது. வாழைச்சேனையில் ஆதார வைத்தியசாலை உண்டு. விசேட சிகிச்சைக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை அடைதல் வேண்டும். அறுபது வயதில் 35 கிலோமீற்றர் ஒரு பொழுதுபோக்குப் பயணம்; எண்பது வயதில், நள்ளிரவில், அது வேறு. அலையோசை கேட்கும் தூரத்தை அளப்போர், அழைத்தால் வண்டியோடு ஓடிவரும் ஆளின் தூரத்தையும் அளத்தல் வேண்டும்.

6. வீடு யாருக்கு?

இனி இறுதி வினாவுக்கு வருவோம். மட்டக்களப்புத் தமிழரின் மரபிற் குடி தாய்வழியால் வருவது. மகளின் திருமணத்தின்போது வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வருவான். அடுத்த மகளுக்குரிய காலம் வரும்போது பெற்றோர் அயலிலே மற்றொரு வீட்டைக் கட்டித் தாம் அங்கே பெயர்வர். இவ்வாறு ஒரு தாயின் புதல்வியர் வீடுகள் ஒரே வளவைச் சூழ அமையும். முதியோர்க்கெனத் தனியில்லம் என்ற ஒன்று அங்கே தேவைப்படவில்லை. ஏனெனில் கடைசி மகளின் வீட்டுத் திண்ணையோ அதனை அடுத்த சிறுவீடோ முதியோரின் இடமாயிருந்தது. சுற்றிலும் மகள்மாரின் அடுப்புகள் எரிந்தன. தமக்கென வீடு கட்டிய பெற்றோர் இங்கு இல்லை. அடுத்தவருக்கென வீடு கட்டி, அதன் அருகே வாழ்ந்தவரே இருந்தனர்.

இம்மரபு சட்ட ஏட்டில் நிலைபெறவில்லை. முக்குவர் சட்டம் என வழங்கிய பழைய தாய்வழி வழமை, 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் வலுவிழந்தது. அதன்படி, மரணசாதனமின்றி இறப்பவரின் ஆதனத்திற் பாதி துணைவர்க்கும், பாதி ஆண் பெண் பிள்ளைகட்குச் சமமாகவும் சேரும். மாறாக, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழியுரிமை அட்டவணை நெடுங்காலம் பெண்ணுக்கு முன் ஆணை நிறுத்திற்று; 2022 ஆம் ஆண்டின் திருத்தமே இவ்வேறுபாட்டைக் களைந்தது. தாய்வழிக் குடிகளின் நாட்டில் அரச காணி ஆண்வழியே இறங்கியமை வியப்புக்குரிய வரலாறு. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் இங்குக் காணி வாங்கின், தேசவழமை ஆளைத் தொடரும் சட்டமாதலின், தேடியதேட்டம் பற்றிய தெளிவையும் நொத்தாரிசிடம் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

சட்டம் மாறியபோதும் வழக்கம் நின்றது. சீதன உறுதிகள் இன்றும் மகளின் பெயருக்கே எழுதப்படுகின்றன. அவ்வுறுதிகளிற் பெற்றோர் தம் ஆயுட்கால உரித்தை ஒதுக்கிக்கொள்வது வழக்கமான ஓர் ஏற்பாடு. ஆதனம் மகளுக்கு, இருப்பிடம் தமக்கு என்பதே அதன் பொருள்.

இதனோடு புலம்பெயர்ந்தோரின் கனவை ஒப்பிட்டு நோக்குவோம். அவர் தமக்கெனக் கட்டுகின்றார். அவருடைய மகள் மெல்பேணில் வேலை பார்க்கின்றாள். மகன் ஒஸ்லோவில் மணம் முடித்துள்ளான். வழியுரிமையால் அவர்கள் பெறுதற்குச் சட்டம் தடையன்று. ஆயின் பெறுதல் வேறு, வந்து வாழ்தல் வேறு. தந்தையும் தாயும் மறைந்தபின் அவ்வீடு பூட்டப்படும். சாவி ஓர் உறவினர் கையில் இருக்கும். சில ஆண்டுகளில் ஓடு சரியும், கிணறு தூர்ந்துபோகும், வேலி நகரும்; பத்தாண்டின் பின் ஆட்சியுரிமை கோருவோரும் தோன்றலாம். ஊரிலோ, மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு மனை கிடையாது அலையும் குடும்பங்கள் அப்பூட்டிய வாயிலைத் தினமும் கடந்து செல்லும்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. பாசிக்குடாவில் முதுமை இல்லம் கட்டுதல் கூடாத செயலன்று. இரட்டைக் குடியுரிமை பெற்று, உறுதிக் காணியைத் தேர்ந்து, கரையோர வலயத்தின் விதிக்கு அமைந்து, கிணற்றையும் அயலையும் மதித்துக் கட்டின் அது நடைபெறக் கூடியதே. ஆயின் அத்திவாரக்கல் வைப்பதற்கு முன்னரே, இவ்வீடு பின்னர் யாருடையது என்பதனை எழுத்தில் முடிவுசெய்தல் வேண்டும். ஊரிலுள்ள மருமகளுக்கோ, உடன்பிறந்தாளின் பேர்த்திக்கோ நன்கொடை உறுதியாக எழுதித் தம் ஆயுட்கால உரித்தை ஒதுக்கிக்கொள்ளுதல் சட்டத்துக்கும் ஒத்தது. மட்டக்களப்பு மரபுக்கும் ஒத்தது. அவ்வாறு செய்பவர் தமக்கு ஒரு வீட்டையும், நோயுற்ற இரவில் கதவைத் தட்டும் ஒரு கையையும் ஒருங்கே பெறுகின்றார். வயதுசென்ற காலத்திற் பிள்ளைகள் அருகில்லாதோர்க்கு இரண்டாவதே பெரிது.

சீதன வழக்கத்தின் குறைகளை நாம் அறியாதவரல்லர். மகளைப் பெற்றோரை அது எவ்வளவு வருத்துகின்றது என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும் அடுத்த தலைமுறைக்கென வீடு கட்டி அதன் நிழலில் முதியோர் வாழ்ந்த அப்பழைய ஏற்பாட்டில், புலம்பெயர்ந்தோர் எடுத்துக்கொள்ளத்தக்க அறிவு ஒன்று உண்டு. சட்டம் உறுதியைக் கேட்கின்றது. ஊர் உறவைக் கேட்கின்றது. முதுமை இல்லத்துக்கு இரண்டும் வேண்டும்.